தலைக்கவசம் போட்டால் போதுமா?

அந்தத் தாய்க்குக் கண்பார்வை குறைவு.

மகளோ பந்தாட்டக்காரி. மைதானத்தில் ஒரே நேரத்தில் 32 பெண்கள் ஓடுவார்கள். அத்தனை பேரில் தன் மகள் யார் என்று அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்?

மகள் ஒரு வழி கண்டுபிடித்தார். பளிச்சென்று தெரியும் ரோஜா நிறத் தலைக்கவசம் ஒன்றை மாட்டிக் கொண்டு ஆடினார். ரோஜா நிறம் எங்கே ஓடுகிறதோ, அங்கே மகள் ஓடுகிறாள்!

அந்த மகளின் பெயர் ஹீதர் ஆண்டர்சன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர். ராணுவத்தில் மருத்துவப் பிரிவில் பணி புரிந்தவர். 2017ஆம் ஆண்டில் அந்நாட்டில் பெண்களுக்கான தேசியக் கால்பந்துப் பந்தயம் முதன் முதலாகத் தொடங்கியது. அதில் அடிலெய்டு கோஷ்டிக்காக அவர் ஆடினார். அந்த ஆண்டு கோப்பையை வென்றதும் அந்தக் கோஷ்டிதான்.

2022 நவம்பரில் அவர் இறந்து போனார். அப்போது வயது 28.

அவருடைய மூளையை ஆராய்ச்சிக்காகக் குடும்பத்தார் கொடுத்தார்கள். 2023 ஜூலையில் முடிவு வெளியாயிற்று. திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வருகிற ஒரு நோய் அந்த மூளையில் இருந்தது. தொழிலாக விளையாடிய ஒரு பெண்ணிடம் இந்த நோய் உறுதி செய்யப்பட்டது, உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

தலைக்கு மேலே கவசம் இருந்தது. ஆனாலும், உள்ளே இருந்த மூளை நோயுற்றது.

ஹீதர் 5 வயதிலேயே பந்தாடத் தொடங்கியவர். ரக்பியும் ஆடியவர். எந்த அடி எப்போது பட்டது என்று கணக்குச் சொல்ல யாராலும் முடியாது. ஒருவருடைய கதையை மட்டும் வைத்துச் சட்டம் செய்வதும் சரி அல்ல.

ஆனால், ஆஸ்திரேலியாவில் பல வீடுகளில் எழும் ஒரு கேள்விக்குப் பதில் தேட, இந்தக் கதை உதவும்.

“கால்பந்து ஆடும் ஒவ்வொருவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் என்ன?”

இதுதான் அந்தக் கேள்வி.

என்ன ஆட்டம் அது?

ஆஸ்திரேலியக் கால்பந்து, உலகம் எல்லாம் ஆடுகிற கால்பந்து அல்ல. அது தனி ஆட்டம்.

அது பிறந்த ஊர் மெல்போர்ன். 1858இல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். “குளிர் காலத்தில் கிரிக்கெட் வீரர்களின் உடல் சோம்பிப் போகாமல் இருக்க, ஒரு கால்பந்துச் சங்கம் வேண்டும்” என்பது அவருடைய யோசனை. அடுத்த ஆண்டு, அதாவது 1859 மே மாதம், அவரும் நண்பர்கள் சிலரும் உட்கார்ந்து ஆட்டத்துக்கு விதிகள் எழுதினார்கள்.

மைதானம் முட்டை வடிவம். பந்தும் முட்டை வடிவம். ஆண்கள் ஆட்டத்தில் பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம். கையில் வைத்து முஷ்டியால் குத்தி அனுப்பலாம். எடுத்துக் கொண்டு ஓடலாம். எறிய மட்டும் கூடாது. இரண்டு முனையிலும் 4 கம்பங்கள் நிற்கும். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்தால் 6 புள்ளி. பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே போனால் 1 புள்ளி.

பந்து வைத்திருப்பவரை எதிரி கட்டிப் பிடித்துத் தள்ளலாம். பந்துக்குப் பக்கத்தில் இருப்பவரைத் தோளால் இடிக்கலாம். உயரே வரும் பந்தைப் பிடிப்பதற்காக, முன்னால் நிற்பவரின் முதுகிலும் தோளிலும் முழங்காலை ஊன்றி எம்பிக் குதிக்கலாம். அப்படி ஆகாயத்தில் எழும்பிப் பந்தைப் பிடிக்கும்போது ரசிகர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்வார்கள்.

அந்த நாட்டு மக்களுக்கு இந்த ஆட்டம் என்றால் உயிர். 2023ஆம் ஆண்டு மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தை நேரில் பார்த்தவர்கள் 1 லட்சத்து 24 பேர்!

இத்தனை வேகமான ஆட்டத்தில், ஆட்டக்காரரின் உடம்பில் இருப்பது கை இல்லாத ஒரு பனியனும் அரைக்கால் சட்டையும்தான். தலையில் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. விரும்புகிறவர்கள் மெத்து வைத்த மென்மையான கவசம் போட்டுக் கொள்ளலாம். கட்டாயம் இல்லை.

வரிசையாக வந்த செய்திகள்

தலையில் அடிபடுவது இந்த ஆட்டத்தில் புதிது அல்ல. அடிபட்டவர் முகத்தில் தண்ணீரைத் தெளித்துக் கொண்டு மறுபடியும் ஓடுவார். “என்ன வீரம்!” என்று ரசிகர்கள் புகழ்வார்கள். அது அந்தக் காலம்.

பிறகு, ஒன்றன் பின் ஒன்றாகச் செய்திகள் வந்தன.

கிரகாம் ‘பாலி’ பார்மர் என்பவர் அந்த ஆட்டத்தின் மாபெரும் வீரர்களில் ஒருவர். 2019 ஆகஸ்டில் தம் 84ஆம் வயதில் காலமானார். கடைசிக் காலத்தில் அவருக்கு நினைவு மங்கி விட்டது. 2020இல் அவருடைய மூளையைச் சோதித்த நிபுணர்கள், அதில் அந்த நோய் இருப்பதாக அறிவித்தார்கள். ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர் ஒருவருக்கு அது உறுதி செய்யப்பட்டது அதுவே முதல் முறை.

டேனி பிராலி, செயின்ட் கில்டா கோஷ்டியின் தலைவராக இருந்தவர். 2019 செப்டம்பரில், தம் 56ஆவது பிறந்த நாளுக்கு மறுநாள், கார் விபத்தில் இறந்தார். அவருடைய மூளையிலும் அந்த நோய் இருந்தது.

ஷேன் டக், ரிச்மண்ட் கோஷ்டியில் ஆடியவர். பிறகு குத்துச்சண்டையும் போட்டவர். 2020 ஜூலையில் இறந்தார். வயது 38. அவருடைய மூளையில் நோய் மிகவும் முற்றி இருந்தது.

இந்த நோயை டாக்டர்கள் சுருக்கமாக ‘சி.டி.இ.’ என்கிறார்கள். மூளையின் நரம்பு அணுக்களுக்குள் ஒரு வகைப் புரதம் முடிச்சு முடிச்சாகச் சேரும். நாளடைவில் ஞாபகம் குறையும். மனம் கலங்கும். காரணம் இல்லாமல் கோபம் வரும். ஆள் உயிரோடு இருக்கும்போது இந்த நோயை உறுதி செய்ய வழி இல்லை. இறந்த பிறகு மூளையைச் சோதித்தால்தான் தெரியும்.

தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவது இந்த நோய்க்கு ஒரு காரணம் என்பதை, அமெரிக்க அரசின் நரம்பு நோய் ஆராய்ச்சி நிலையமும் 2022இல் ஏற்றுக் கொண்டது.

இந்தச் செய்திகளைப் படித்த எந்தத் தாய்தான் கலங்க மாட்டாள்? “என் பிள்ளையின் தலையில் ஒரு கவசத்தை மாட்டுங்கள்” என்று எந்தத் தகப்பன்தான் கேட்க மாட்டான்?

கேட்பதில் நியாயம் உண்டு

கவசம் கேட்பவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளி விட முடியாது.

மெல்போர்ன் நகரம் விக்டோரியா மாநிலத்தின் தலைநகர். காரில் போகிறவர்கள் இடுப்புப் பட்டை கட்ட வேண்டும் என்று உலகத்திலேயே முதன் முதலில் கட்டாயம் ஆக்கியது அந்த மாநிலம்தான். அது 1970இல் நடந்தது. சைக்கிளில் போகிறவர்கள் தலைக்கவசம் போட வேண்டும் என்று 1990 ஜூலை முதல் கட்டாயம் ஆக்கியதும் அதே மாநிலம்தான். சைக்கிளுக்குக் கட்டாயம் என்றால், பந்தாட்டத்துக்கு ஏன் கூடாது?

கிரிக்கெட்டைப் பாருங்கள். 2014 நவம்பரில் சிட்னி மைதானத்தில் பிலிப் ஹியூஸ் என்ற இளம் வீரரின் கழுத்தில் பந்து தாக்கியது. அவர் கவசம் போட்டுத்தான் இருந்தார். ஆனால், பந்து பட்ட இடத்தைக் கவசம் மூடவில்லை. இரண்டு நாட்களில் அவர் உயிர் பிரிந்தது. பிறகு, கவசத்தின் பின்புறம் கழுத்தை மூடும் தடுப்பு வந்தது. 2023 அக்டோபர் முதல், வேகப் பந்தை எதிர்த்து ஆடும் ஆஸ்திரேலிய வீரர்களுக்கு அது கட்டாயம் ஆயிற்று.

ஒரு விளையாட்டுக்கு நல்ல கவசம் செய்ய முடிந்தால், இன்னொரு விளையாட்டுக்கு முடியாதா?

கவசம் போட்டால் ஆட்டம் கெடும் என்று சொல்வதும் சரி அல்ல. கேலப் டேனியல் என்ற வீரர் 168 சென்டிமீட்டர் உயரமே உள்ளவர். எப்போதும் தலைக்கவசத்தோடு ஆடுகிறவர். அவர் இருந்த வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கோஷ்டி 2016இல் கோப்பையை வென்றது. கவசம் அவர் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை.

இவை எல்லாம் உண்மைதான். ஆனால், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது.

இந்தக் கவசம் மூளையைக் காக்கிறதா?

பானையும் தயிரும்

ஒரு மண்பானையில் தயிர் இருக்கிறது. பானை உடையாமல் இருக்க, அதைச் சுற்றித் துணியைக் கட்டுகிறார்கள். இப்போது பானை சுவரில் இடித்தாலும் சீக்கிரம் உடையாது. துணி காப்பாற்றும்.

ஆனால், பானையைப் பிடித்து வேகமாக ஒரு குலுக்குக் குலுக்கினால்? பானை முழுசாக இருக்கும். உள்ளே தயிர் உடைந்து விடும்!

மண்டை ஓடு பானை. மூளை தயிர்.

மூளையின் எடை சுமார் ஒன்றரைக் கிலோ. மிகவும் மென்மையானது. மண்டை ஓட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. ஓடி வருகிற இரண்டு பேர் மோதும்போது, தலை சட்டென்று நிற்கிறது. அல்லது வெடுக்கென்று ஒரு பக்கம் திரும்புகிறது. உள்ளே இருக்கும் மூளையோ உடனே நிற்பது இல்லை. அது தானாக ஆடுகிறது, முறுக்குகிறது, அதன் மெல்லிய நரம்பு இழைகள் இழுபடுகின்றன. மூளை அதிர்ச்சி என்பது இதுதான்.

தலையில் நேராக அடிபட வேண்டும் என்பதுகூட இல்லை. மார்பில் பலமாக இடித்தாலும் தலை வெடுக்கென்று ஆடும். அப்போதும் மூளை குலுங்கும்.

மெத்துக் கவசம் செய்கிற வேலை என்ன? தோல் கிழியாமல் காக்கும். காது பிய்யாமல் காக்கும். வீக்கத்தைக் குறைக்கும். முகத்திலோ மண்டையிலோ எலும்பு முறிந்து ஆறி வருகிறவருக்குப் பாதுகாப்புத் தரும். இவை நல்ல காரியங்கள்.

ஆனால், மூளை குலுங்குவதை அது தடுக்கும் என்பதற்குச் சரியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியக் கால்பந்துச் சங்கத்தின் டாக்டர்களும் இதையே சொல்லி வருகிறார்கள்.

கிரிக்கெட்டுக்கும் இதற்கும் வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம். அது கல் போல வந்து ஒரே இடத்தைத் தாக்கும். அதைத் தடுக்கக் கெட்டியான கவசம் போதும். சைக்கிளில் இருந்து விழுகிறவரின் தலை, கெட்டியான சாலையில் மோதும். அதற்கும் கவசம் உதவும். கால்பந்தில் வந்து மோதுவதோ, 80 கிலோ, 90 கிலோ எடை உள்ள ஓர் ஆள்!

சோதித்துப் பார்த்தார்கள்

இது வெறும் ஊகம் அல்ல. சோதனையே நடந்தது.

ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடும் சிறுவர்களையும் இளைஞர்களையும் ஆயிரக்கணக்கில் சேர்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். அவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கவசம் இல்லை. இன்னொரு பிரிவுக்குச் சாதாரண மெத்துக் கவசம். மூன்றாவது பிரிவுக்கு இன்னும் தடிமனான கவசம்.

2009இல் முடிவு வெளியாயிற்று. மூளை அதிர்ச்சியைக் கவசம் குறைத்ததாகத் தெரியவில்லை. தடிமனான கவசமும் குறைக்கவில்லை.

2023 செப்டம்பரில் ஒரு பந்தயம். மெல்போர்ன் கோஷ்டியின் ஆங்கஸ் பிரேஷா பந்தை உதைத்தார். அதைத் தடுக்க எதிர்க் கோஷ்டிக்காரர் ஒருவர் எம்பிக் குதித்தார். அவருடைய தோள் பிரேஷாவின் தலையில் மோதியது. பிரேஷா அந்த இடத்திலேயே நினைவு இழந்து விழுந்தார். முன்பே பல தடவை மூளை அதிர்ச்சி ஏற்பட்டதால், 2017 முதல் தலைக்கவசம் போட்டு ஆடியவர் அவர். அன்றும் அவர் தலையில் கவசம் இருந்தது.

2024 பிப்ரவரியில், டாக்டர்களின் யோசனைப்படி அவர் ஆட்டத்தை விட்டு விலகினார். அப்போது வயது 28.

அமெரிக்கா கற்ற பாடம்

“மெத்துக் கவசம் போதாது என்றால், இரும்பு போலக் கெட்டியான கவசம் போடலாமே!” என்று சிலர் கேட்கலாம்.

அமெரிக்காவில் அப்படித்தான் செய்தார்கள். அந்நாட்டுக் கால்பந்தில், கல்லூரி வீரர்களுக்கு 1939இல் தலைக்கவசம் கட்டாயம் ஆயிற்று. தொழில் வீரர்களுக்கு 1943இல் கட்டாயம் ஆயிற்று. நாளடைவில் தோல் கவசம் போய், கெட்டியான பிளாஸ்டிக் கவசம் வந்தது. மண்டை உடைவது குறைந்தது.

ஆனால், வேறொன்று நடந்தது. தலை பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில், ஆட்டக்காரர்கள் தலையையே ஆயுதமாக ஆக்கினார்கள். ஆட்டுக்கடா மாதிரி தலையால் முட்டினார்கள். கழுத்தெலும்பு முறிந்து, கை கால் விழுந்து போனவர்கள் பலர்.

1976இல் விதியை மாற்றினார்கள். தலையால் முட்டக் கூடாது என்று தடை போட்டார்கள். அதன் பிறகே, கழுத்து முறியும் விபத்துகள் வெகுவாகக் குறைந்தன.

கவனிக்க வேண்டும். அங்கே கழுத்தைக் காப்பாற்றியது கவசம் அல்ல, விதி!

மூளை நோயையும் அந்தக் கவசம் தடுத்து விடவில்லை. அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தில் ஆடி இறந்த 111 பேரின் மூளையை பாஸ்டன் பல்கலைக்கழக நிபுணர்கள் சோதித்தார்கள். 110 பேரின் மூளையில் சி.டி.இ. இருந்தது. இது 2017இல் வெளிவந்த செய்தி. நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடுத்தன. ஆகையால், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனால், கெட்டியான கவசம் போட்டால் கவலை இல்லை என்றும் இனி யாரும் சொல்ல முடியாது.

குத்துச்சண்டையிலும் இதே யோசனை எழுந்தது. 1984 முதல் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் தலைக் காப்பு கட்டாயமாக இருந்தது. 2013இல் முன்னணி ஆண் வீரர்களுக்கு அதையே எடுத்து விட்டார்கள்.

எதிர்ச் சாட்சி ஒன்று

மறுபக்கச் சாட்சியையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில், வலைக் கோலால் பந்தைப் பிடித்து எறியும் லாக்ராஸ் என்ற ஆட்டம் உண்டு. புளோரிடா மாநிலத்தில், அதை ஆடும் உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்குத் தலைக் காப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள். பிறகு கணக்கு எடுத்தார்கள். மற்ற மாநிலப் பெண்களை விட, அங்கே மூளை அதிர்ச்சி குறைவாக இருந்தது.

அந்த ஆட்டத்தில் தலையில் படுவது பெரும்பாலும் கோலும் பந்தும். ஆள் அல்ல. இருந்தாலும், ‘கவசத்தால் எங்கும் எப்போதும் பயன் இல்லை’ என்று அடித்துச் சொல்லக் கூடாது என்பதற்கு அது சாட்சி. நாளைக்கே ஒரு புது மாதிரிக் கவசம் வரலாம். அது மூளை குலுங்குவதைக் குறைக்கிறது என்று மைதானத்தில் நிரூபிக்கப்பட்டால், மறு நாளே அதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

நிரூபிக்கும் முன்பே கட்டாயம் ஆக்கினால் என்ன கெட்டுப் போகும் என்று கேட்கலாம்.

கெட்டுப் போகும்!

பொய்த் தைரியம்

கவசம் போட்ட சிறுவன், கவசம் இல்லாத சிறுவனை விடத் துணிந்து முட்டுவான். “எனக்குத்தான் கவசம் இருக்கிறதே!” என்பான்.

எதிரே வருகிறவனும் நெஞ்சில் இரக்கம் இல்லாமல் இடிப்பான். “அவனுக்குத்தான் கவசம் இருக்கிறதே!” என்பான்.

வெளியே நிற்கும் தகப்பன், அடிபட்டு எழுந்த மகனைத் திரும்பவும் உள்ளே அனுப்புவான். “கவசம் இருக்கிறது, ஒன்றும் ஆகாது” என்பான்.

ஆட்டத்தை நடத்துகிற சங்கமும், “நாங்கள்தான் கவசம் கொடுத்து விட்டோமே” என்று கையைக் கழுவி விடும்.

நான்கு பேரும் ஒரே பொய்யை நம்புகிறார்கள். அடி விழுவது ஒரே தலையில்!

பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தவன் ஜாக்கிரதையாக இருப்பான். பாதுகாப்பு இருப்பதாக ஏமாந்தவன்தான் ஆபத்தில் விழுவான்.

ஆகவே, இன்று இருக்கிற மெத்துக் கவசத்தை எல்லோருக்கும் கட்டாயம் ஆக்குவது வேண்டாம். போட விரும்புகிறவர்கள் போடட்டும். அவர்களை யாரும் கேலி செய்யக் கூடாது. ஆனால், “இது காயத்தைக் குறைக்கும், மூளையைக் காக்கும் என்ற உறுதி இல்லை” என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் பச்சையாகச் சொல்லி விட வேண்டும்.

எவை கட்டாயம்?

கவசம் கட்டாயம் வேண்டாம் என்றால், எதுவுமே வேண்டாம் என்று அர்த்தம் அல்ல. கட்டாயம் ஆக்க வேண்டியவை பல உண்டு.

முதலாவது, தலையைத் தொட்டால் தண்டனை. தலையில் இடித்தவருக்குக் கடுமையான தடை வேண்டும். இந்த விஷயத்தில் சங்கம் விழித்துக் கொண்டு வருகிறது. 2024 தொடக்கத்தில், பயிற்சிப் பந்தயம் ஒன்றில் எதிரியின் தலையில் இடித்த செயின்ட் கில்டா வீரர் ஒருவருக்கு 7 ஆட்டங்களில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. பிரேஷாவை இடித்தவரை விசாரணைக் குழு விடுதலை செய்தது. ஆனால், அதன் பிறகு விதியையே திருத்தினார்கள். பந்தைத் தடுக்க எம்பிக் குதிக்கிறவர், மோதல் நேரலாம் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது 2024 முதல் விதி. இந்த வழியில் இன்னும் தூரம் போக வேண்டும்.

இரண்டாவது, ஓய்வு. மூளை அதிர்ச்சி அடைந்த தொழில் வீரர் 12ஆம் நாளுக்கு முன் ஆடக் கூடாது என்று 2021இல் விதி வந்தது. ஊர்ப் பந்தயங்களில் ஆடுகிறவர்களும் சிறுவர்களும் குறைந்தது 21 நாள் பொறுக்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய விளையாட்டு நிலையம் 2024இல் யோசனை கூறியது. பணம் வாங்கி ஆடுகிறவரின் மூளை, மற்றவர் மூளையை விடச் சீக்கிரம் ஆறி விடுமா? தொழில் வீரர்களை டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்து கவனிக்கிறார்கள் என்பது சங்கத்தின் சமாதானம். அந்தச் சமாதானம் போதாது. அவர்களுக்கும் ஓய்வு நாட்களைக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது, கோஷ்டியைச் சேராத டாக்டர். தன் கோஷ்டி தோற்றுக் கொண்டிருக்கும்போது, நல்ல ஆட்டக்காரரை வெளியே உட்கார வைக்க ஒரு டாக்டருக்கு மனம் துணிய வேண்டும். அந்தச் சங்கடம் இல்லாத டாக்டர் ஒவ்வொரு பந்தயத்திலும் இருக்க வேண்டும்.

நான்காவது, பயிற்சியில் முட்டலைக் குறைப்பது. வாரத்துக்கு ஒரு பந்தயம். பயிற்சியோ பல நாள். பந்தய நாளில் பெரிய அடி படலாம். பயிற்சியில் சின்னச் சின்ன அடிகள் சேரும். சின்ன அடிகளும் சேர்ந்தால் மூளைக்குத் தீங்கு என்று நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். ஷேன் டக்கின் சாவை விசாரித்த விக்டோரியா மரண விசாரணை அதிகாரி, 2023 டிசம்பரில் தம் முடிவை வெளியிட்டார். பயிற்சியில் முட்டி மோதுவதற்கு எல்லை வேண்டும், சுதந்திரமான டாக்டர்கள் வேண்டும் என்று அவரும் சிபாரிசு செய்தார்.

ஐந்தாவது, குழந்தைகள். மிகச் சிறிய குழந்தைகளின் ஆட்டத்தில் கட்டிப் பிடித்துத் தள்ள அனுமதி இல்லை. நல்ல விதி. எந்த வயதில் முட்டலைத் தொடங்கலாம் என்பதை இன்னும் தள்ளிப் போடலாம். பந்தைப் பிடிக்கவும் உதைக்கவும் கற்றுக் கொள்ள முட்டல் தேவை இல்லை.

வீட்டில் உள்ளவர்களுக்கு

சங்கமும் சட்டமும் செய்ய வேண்டியவை இவை. வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு.

பிள்ளைக்குத் தலையில் அடிபட்டது. தலை வலிக்கிறது என்கிறான். தலை சுற்றுகிறது என்கிறான். கண் மங்குகிறது. வாந்தி வருகிறது. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். எந்தப் பக்கம் ஜெயிக்கிறது என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

இவற்றில் ஒன்று இருந்தாலும், அன்று அவன் திரும்ப ஆடக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். நினைவு தப்பினாலும், வலிப்பு வந்தாலும், கழுத்து வலித்தாலும், வலி கூடிக் கொண்டே போனாலும், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

பிள்ளை அழுவான். “நண்பர்கள் கேலி செய்வார்கள்” என்பான். “கோப்பை போய்விடும்” என்பான். அந்த அழுகை ஒரு வாரத்தில் நின்று விடும். அவனை உட்கார வைப்பதற்குத் தாய் தகப்பனுக்குத் துணிவு வேண்டும்.

சந்தேகமா? வெளியே உட்கார வை! இது ஒன்று போதும். இதற்குக் காலணாச் செலவு இல்லை.

ஆட்டம் வாழ வேண்டும்

ஆஸ்திரேலியக் கால்பந்து 160 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறது. ஏழையும் பணக்காரரும் ஒரே பலகையில் உட்கார்ந்து பார்க்கிற ஆட்டம். அது அழிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஓடுவதும் குதிப்பதும் கூடி ஆடுவதும் பிள்ளைகளுக்கு நல்லது.

ஆனால், ஆட்டம் மனிதனுக்காக இருக்கிறது. மனிதன் ஆட்டத்துக்காக இல்லை.

20 வயதில் கைதட்டு வாங்கியவர், 50 வயதில் பெற்ற பிள்ளையின் பெயரை மறந்து நின்றால், அந்தக் கைதட்டால் என்ன பயன்?

கடையில் ஒரு கவசத்தை வாங்கி மாட்டுவது சுலபம். ஆட்டத்தின் விதியைத் திருத்துவது கஷ்டம். நட்சத்திர வீரரை மூன்று வாரம் உட்கார வைப்பது அதைவிடக் கஷ்டம். சுலபமானதைச் செய்து விட்டு, கஷ்டமானதைச் செய்ததாக நினைத்துக் கொள்ளக் கூடாது.

ஹீதர் ஆண்டர்சனின் ரோஜா நிறக் கவசம் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தது. கண்பார்வை குறைந்த தாய்க்கு மகளை அடையாளம் காட்டியது.

மகளைக் காக்கும் வேலை அந்தக் கவசத்தின் வேலை அல்ல.

அது ஆட்டத்தை நடத்துகிறவர்களின் வேலை!